வெடியை எங்கே தடுப்பது?

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் நாள் தீபாவளித் திருநாள். காலையில் ஒரு மணி நேரமும், இரவில் எட்டு மணி முதல் பத்து மணி வரையுமே வெடி கொளுத்தலாம். அதுவும் புகை குறைந்த 'பசுமை வெடி'யாகவே இருத்தல் வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் டில்லி மாநகரத்தார்க்கு வரையறை வகுத்திருந்தது. இரவு பத்து மணி அடித்தது. வெடியொலி ஓயவில்லை. நள்ளிரவு நெருங்கியும் ஓயவில்லை. மறுநாட் காலையில் நகரத்தைப் புகை மூடிக் கிடந்தது. நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் இட்ட கட்டளை, அந்நீதிமன்றம் இருக்கும் நகரத்திலேயே காற்றோடு கலந்து போயிற்று.

புல்மோட்டையில் இருந்துகொண்டு டில்லிப் பட்டணத்து வாண வேடிக்கையைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்கள் வினவலாம். கிழக்கே கடலும், வடக்கே கொக்கிளாய்க் களப்பும், மேற்கே காடும் வயலுமாக அமைந்த இவ்வூரில் வெடி என்பது திருநாளோடு மட்டும் வருவதன்று. கடலிலே மீன் பிடிக்க வெடி. காட்டோரத்திலே யானை விரட்ட வெடி. தெருவிலே திருநாளுக்கும் தேர்தலுக்கும் வெடி. இவற்றுள் சிலவற்றுக்குத் தடை உண்டு. சிலவற்றுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. சட்டம் இருந்தும் வெடி ஓயாததன் காரணத்தை அறிய விரும்புவோர்க்கு டில்லியின் பத்தாண்டுக் கதை ஒரு நல்ல பாடம்.

அக்கதை 2015ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. ஆறு மாதத்துக்கும் பதினான்கு மாதத்துக்கும் இடைப்பட்ட வயதுடைய மூன்று பச்சிளங் குழந்தைகளின் சார்பில், அவர்தம் தந்தையர் நல்ல காற்றைச் சுவாசிக்கும் உரிமை கோரி உச்ச நீதிமன்றம் சென்றனர். 2016ஆம் ஆண்டுத் தீபாவளிக்குப் பின் நகரத்தைப் புகை சூழ்ந்தபோது, நவம்பர் மாதத்தில், டில்லியிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வெடி விற்பதற்கான அனுமதிப்பத்திரங்களை நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2017 செப்டம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. ஒக்டோபர் 9ஆம் நாள் மீண்டும் விதிக்கப்பட்டது. அவ்வாண்டுத் தீபாவளி ஒக்டோபர் 19. இடையில் இருந்தவை பத்தே நாட்கள்.

2018 ஒக்டோபர் 23ஆம் நாள் விரிவான தீர்ப்பு வந்தது. முழுத் தடை இல்லை. இரவில் இரண்டு மணி நேரம். பசுமை வெடி மட்டும். பேரியம் உப்புச் சேர்ந்த வெடியும் சரவெடியும் கூடா. மீறல் நடந்தால் அப்பகுதிப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியே நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லவேண்டும் என்றெல்லாம் அது பகர்ந்தது. அவ்வாண்டு வடநாட்டுத் தீபாவளி நவம்பர் 7. இடையில் இருந்தவை பதினைந்து நாட்கள். கொளுத்தலாம் என்று நீதிமன்றம் அனுமதித்த பசுமை வெடியோ அந்நாளில் கடைகளுக்கு வந்து சேரவே இல்லை. கிடைக்காத பொருளை வாங்கு என்றும், கையில் இருக்கும் பொருளைக் கொளுத்தாதே என்றும் ஒருங்கே சொன்னால், மக்கள் எதைச் செய்வார்கள்?

2024ஆம் ஆண்டில் டில்லி அரசாங்கம் முழுத் தடை விதித்தது. அறிவித்த நாள் ஒக்டோபர் 14. தீபாவளி ஒக்டோபர் 31. இம்முறை பதினேழு நாட்கள். நூற்றுக்கணக்கான கண்காணிப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டன. திருநாள் கழிந்ததும், தடை அறவே நடைமுறைப்படுத்தப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. பொலிசார் செய்தது வெறுங் கண்துடைப்பு என்றது. காற்றைக் கெடுக்கும் செயலை எந்த மதமும் ஊக்குவிப்பதில்லை என்றது. திருமணத்துக்கும் தேர்தல் கொண்டாட்டத்துக்கும் மட்டும் தடை பொருந்தாதா என்ற வினாவும் மன்றத்தில் எழுந்தது.

பத்து நாள், பதினைந்து நாள், பதினேழு நாள்! இக்கணக்கை நம் விவசாயப் பெருமக்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். கதிர் முற்றிய பின் களை பிடுங்குபவனை உழவன் என்று யாரும் சொல்லார். இந்தியாவின் வெடியில் மிகப் பெரும் பங்கு தமிழ்நாட்டின் சிவகாசியில் ஆகின்றது. ஒரு தீபாவளி கழிந்த சில வாரங்களிலே அடுத்த தீபாவளிக்கான வேலை அங்கே தொடங்கிவிடும். ஆண்டு முழுவதும் உழைத்துச் செய்த சரக்கு, திருநாளுக்குப் பல வாரங்களுக்கு முன்னரே லொறிகளில் ஏறி வடநாட்டுக் களஞ்சியங்களை அடைந்துவிடும். வியாபாரி முதல் போட்டுவிட்டான். சில்லறைக் கடைக்காரன் கடன்பட்டு வாங்கிவிட்டான். அதன் பின்னர் வரும் தடை சரக்கை ஒழிப்பதில்லை. சரக்கை ஒளிக்கவே செய்கின்றது. முன்வாசலில் விற்றது பின்வாசலில் விற்கின்றது, விலை மட்டும் ஏறுகின்றது.

காலம் தாழ்த்தாத ஆண்டுகளும் இருந்தன என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 2021, 2022, 2023ஆம் ஆண்டுகளில் டில்லி அரசாங்கம் செப்டம்பர் மாதத்திலேயே தடையை அறிவித்தது. ஆயினும் வெடி வெடித்தது. ஏனெனில் டில்லி ஒரு தீவன்று. ஒருபுறம் அரியானா, மறுபுறம் உத்தரப் பிரதேசம். இங்கே மூடிய கடை அங்கே திறந்திருந்தது. ஒரு மணி நேரம் வண்டியோட்டிச் சென்றால் வேண்டிய அளவு வாங்கி வரலாம். அயல் மாநிலங்களின் டில்லியையொட்டிய பகுதிகளிலும் அவ்வாறே தடை விதிக்குமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது 2024 டிசம்பரிலேதான். அதே மாதத்தில் டில்லி அரசாங்கமும் ஆண்டு முழுவதற்குமான தடையை விதித்தது. ஓராண்டு கழியுமுன், 2025 ஒக்டோபர் 15ஆம் நாள், அது தளர்த்தப்பட்டது. அதன் விளைவையே முதலில் கண்டோம்.

இந்த ஆண்டுகளில் எல்லாம் தண்டனைக்குக் குறைவில்லை. 2022இல் டில்லி அரசாங்கம் அறிவித்தபடி, வெடி கொளுத்தியவனுக்கு ஆறு மாதம் வரை சிறையும் இருநூறு ரூபா அபராதமும். சேமித்து வைத்தவனுக்கும் விற்றவனுக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் ஐயாயிரம் ரூபா அபராதமும். ஏட்டில் விற்றவனுக்கே பெருந் தண்டனை. ஆனால் திருநாளிரவில் பொலிஸ்காரரின் கைக்கு எட்டுபவன் யார்? தெருவில் மத்தாப்புப் பிடித்து நிற்பவன். நகரமே வெடிக்கும் இரவில் எத்தனை தெருவுக்கு எத்தனை பொலிசாரை அனுப்ப முடியும்? மதிலுக்குள் மாளிகை முற்றத்தில் வெடிப்பவனின் வாயிற்கதவைத் தட்டும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு?

தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். 2018ஆம் ஆண்டில் நீதிமன்றத்தின் அனுமதியோடு அங்கே காலை ஆறு முதல் ஏழு வரையும், மாலை ஏழு முதல் எட்டு வரையும் என இரண்டு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. நேரந் தவறி வெடித்தவர்கள் மீது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாயின. அடுத்த ஆண்டு வெடி ஓய்ந்ததா? இல்லை. ஆனால் அதே தமிழ்நாட்டில், சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி என்னும் ஊர்கள் உள்ளன. அங்குள்ள கண்மாய்களில் தொலைவிலிருந்து வந்து தங்கும் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடக் கூடாதென்று, அவ்வூரார் பல்லாண்டு காலமாகத் தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை. அவர்களைத் தடுக்க ஒரு பொலிஸ்காரரும் அங்கே நிற்கவில்லை. காரணத்தைத் தமதாக்கிக்கொண்ட மக்கள் கட்டளைக்குக் காத்திருப்பதில்லை.

அப்படியானால் தடை என்பதே பயனற்றது என்று சொல்லிவிடலாமா? சொல்லல் ஆகாது. சிங்கப்பூரைப் பார்க்க. 1970ஆம் ஆண்டுச் சீனப் புத்தாண்டின்போது வெடியினாலும் அதனால் மூண்ட தீயினாலும் ஆறு உயிர்கள் மாண்டன. உடனே கட்டுப்பாடு வந்தது. இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் வெடிக்கலாம் என்ற அரைகுறைக் கட்டுப்பாடு அது. 1972ஆம் ஆண்டுத் திருநாளில், வெடித்தவர்களைத் தடுக்கச் சென்ற ஆயுதமற்ற பொலிசார் இருவர் தாக்கப்பட்டனர். அவ்வாண்டிலேயே சிங்கப்பூர் அரசாங்கம் தனிச் சட்டம் இயற்றியது. கொளுத்துவதோடு நில்லாமல், நாட்டுக்குள் கொண்டுவருவதையும் விற்பதையும் வைத்திருப்பதையும் அச்சட்டம் தடுத்தது. துறைமுகத்தின் வாயிலிலேயே சரக்கு நின்றது. தெருவில் வேலை குறைந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் அத்தடை நிற்கின்றது. 2018ஆம் ஆண்டுத் தீபாவளியையொட்டி, நம் தமிழர் கூடும் லிட்டில் இந்தியாப் பகுதியில் வாணம் கொளுத்தியதற்காக இருவர் கைது செய்யப்பட்டது செய்தியாயிற்று. அங்கே அது அத்துணை அருமையான நிகழ்ச்சி.

சிங்கப்பூர் எல்லாவற்றிலும் நமக்கு முன்மாதிரி என்று சொல்ல வந்தோமில்லை. அது சிறு தீவு. ஆட்சியின் கரம் அங்கே கடுமையானது. எனினும் ஒன்றை நம் நாட்டவர் கருத்திற் கொள்ளவேண்டும். அங்கே சீனர் பெரும்பான்மையினர். தடை தொடங்கியது சீனப் புத்தாண்டில். பெரும்பான்மையினரின் பெருந் திருநாளே முதலிற் சட்டத்துக்குத் தலை வணங்கிற்று. அதன் பின்னர் சிறுபான்மையினரை நோக்கி, நீங்களும் அடங்குங்கள் என்று சொல்லும் தகுதி அவ்வரசாங்கத்துக்கு உண்டாயிற்று. சட்டம் தனக்கும் அயலானுக்கும் ஒரே அளவுகோல் என்று கண்டவன் முணுமுணுத்துக் கொண்டேனும் கீழ்ப்படிவான். தனக்கு மட்டுமே அளவுகோல் என்று கண்டவன் மீறுவதையே மானமாகக் கருதுவான். இலங்கைத் தமிழ் பேசும் மக்களுக்கு இதை விளக்கி உரைக்க வேண்டியதில்லை.

டில்லியிலும் இந்த அளவுகோல் பற்றிய மனக்குறை உண்டு. அந்நகரத்துப் புகைக்கு வெடி ஒன்றே காரணமன்று. இலட்சக்கணக்கான மோட்டார் வண்டிகள், தொழிற்சாலைகள், கட்டட வேலையின் தூசி, குளிர்காலத்தில் அசையாது நிற்கும் காற்று, பஞ்சாப், அரியானா வயல்களில் எரியும் வைக்கோல் எல்லாம் சேர்ந்தே அப்புகை. நகரத்தான் விவசாயியைக் குறை கூறுகின்றான். விவசாயி, அடுத்த விதைப்புக்குச் சில வாரங்களே இருக்கையில் வைக்கோலை வேறென்ன செய்வது என்று கேட்கின்றான். ஆண்டு முழுதும் புகை கக்குபவனை விட்டுவிட்டு, ஒரு நாள் வெடித்தவனைப் பிடித்தால் அது நீதியாகத் தோன்றாது. இதற்காக வெடிக்கு வழிவிட வேண்டுமென்பதில்லை; ஏனைய புகைக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. வெடிக்குப் பின்னே ஒரு தொழிலாளியின் கை இருக்கின்றது. வானம் பார்த்த கரிசல் பூமியான சிவகாசி வட்டாரத்தில் விவசாயம் பொய்த்தவர்க்குத் தீப்பெட்டியும் வெடியுமே சோறு போட்டன. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டி வெடியாலையில் மூண்ட தீயில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகி மாண்டனர். மறு திங்களே மீண்டும் வேலைக்குச் சென்றவர்கள் ஆசையினாலா சென்றனர்? நம் நாட்டில் நீர்கொழும்புக்கு அருகே கிம்புலாப்பிட்டியவிலும் குடிசைத் தொழிலாக வெடி செய்வோர் விபத்துக்கு உள்ளாவதை அவ்வப்போது செய்தித்தாள்களிற் காண்கின்றோம். நகரத்தான் காற்றுக்காகத் தடை கேட்பது நியாயம். அத்தடையால் அடுப்பணையும் குடும்பத்துக்கு மாற்றுத் தொழில் கேட்பதும் அதே அளவு நியாயம். இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்பவனின் தடைக்கு அந்தத் தொழிலாளியே முதற் பகைவனாகிவிடுவான்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் வெடிபொருள் கொண்டு மீன் பிடிப்பதைத் தடை செய்துள்ளது. அவ்வாறு பிடித்த மீனை விற்பதும் குற்றம். வெடிபொருள்களை ஆள்வதற்கு 1956ஆம் ஆண்டின் சட்டம் வேறு உண்டு. ஆயினும் திருகோணமலைக் கரையோரத்தில் டைனமைட்டுடன் ஆட்கள் பிடிபட்டனர் என்ற செய்தி ஓய்ந்தபாடில்லை. வெடி விழுந்தால் மீனின் காற்றுப்பை கிழிகின்றது. மிதந்து வருவதை மட்டும் அள்ளுகின்றார்கள். அடியில் அமிழ்ந்து அழிவது யாருக்கும் பயன்படாது. குஞ்சும் சினையும் அழிகின்றன. நூற்றாண்டுகளாக வளர்ந்த பவளப் பாறை நொறுங்குகின்றது. 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட, நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவைச் சூழ்ந்த பாறைகளும் இக்கடலின் செல்வமே. ஒரு நொடி வெடிக்காகக் கரைவலைக்காரனும் சிறு தோணிக்காரனும் பல பருவங்கள் வெறுங்கையோடு கரை திரும்புகின்றனர்.

இங்கும் நடப்பது டில்லியின் கதையே. கடற்படையினர் படகில் இருப்பவனைத் துரத்துகின்றனர். பிடிபடுபவன் பெரும்பாலும் கூலிக்குப் போன ஏழை. வெடிமருந்து கடலில் விளைவதில்லையே! கல்லுடைக்கும் வேலைக்கென்று அனுமதிப்பத்திரத்தின் மேல் வழங்கப்படும் மருந்து வழிதவறிக் கரைக்கு வருகின்றது. குவாரிக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, எவ்வளவு கல் உடைந்தது என்று ஒழுங்காகக் கணக்குப் பார்த்தால் மிச்சம் எங்கே போயிற்று என்பது வெளிவரும். வெடியில் இறந்த மீனை அறிவதற்கும் பெருங் கல்வி வேண்டியதில்லை. முள் முறிந்து, உள்ளே இரத்தம் கட்டி, சதை தளர்ந்திருக்கும். ஏலம் கூறுபவர் அறிவார். வாங்கும் முதலாளி அறிவார். லொறியில் ஐஸ் போடும் பையனும் அறிவான். கடலில் ஒருவனைத் துரத்துவதிலும், கரையில் நிற்கும் லொறியைச் சோதிப்பது எளிது அன்றோ? எளிதானது நடவாமல், கடினமானது மட்டும் பத்திரிகைச் செய்திக்காக நடப்பதேன்?

காட்டோரத்து நிலையும் இதனின் வேறன்று. யானையை விரட்ட விவசாயிக்கு வனசீவராசிகள் திணைக்களம் யானை வெடி வழங்குகின்றது. அது வேண்டிய வேளையில், வேண்டிய அளவில் கைக்குக் கிடைத்தல் வேண்டும். விளைந்த வயலை ஓரிரவில் இழந்தவன், நாளை வா என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு கைகட்டி இரான். தீனிக்குள் ஒளித்து வைத்து யானையின் வாயைச் சிதைக்கும் கொடிய வெடி இந்நாட்டில் எத்தனையோ யானைகளைக் கொன்றுவிட்டது. அதைச் செய்பவனை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் முறையான வழி அடைபட்ட இடத்திலேதான் முறையற்ற வழி திறக்கின்றது என்பதை ஆட்சியாளர் உணர்தல் வேண்டும்.

தெரு வெடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தை கையிலுள்ள மத்தாப்பைப் பறிக்கச் சொல்லும் கல்நெஞ்சம் நமக்கில்லை. ஆயினும் 1983 முதல் 2009 வரை போரின் ஓசையைக் கேட்டு வாழ்ந்த மண் இது. நடுநிசியில் வெடிக்கும் சீனவெடி, எத்தனை முதியவர்களை எந்தப் பதுங்குகுழிக்குத் திருப்பி அழைத்துச் செல்கின்றது என்பதை வெடிப்பவன் அறியான். நோயாளிக்கும், கைக்குழந்தைக்கும், கட்டையறுத்து ஓடும் மாட்டுக்கும் திருநாள் தெரியாது. ஆகவே நேரமும் இடமும் வரையறுப்பது மகிழ்ச்சியைக் கெடுப்பதாகாது.

ஆனால் அவ்வரையறையைத் திருநாளுக்கு முந்திய வாரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கவேண்டா. மூன்று மாதத்துக்கு முன்னரே பிரதேச சபையும், பிரதேச செயலகமும், பொலிசாரும், பள்ளிவாசல், கோயில், விகாரை நிர்வாகத்தினரும், கடற்றொழிலாளர், விவசாயிகள் சங்கத்தினரும் ஒருங்கே அமர்ந்து முடிவு செய்யட்டும். வெடி விற்போரின் பட்டியலை முன்கூட்டியே எடுக்கட்டும். சரக்கு வாங்குமுன் வியாபாரிக்கு விதி தெரியட்டும். வைத்தியசாலைக்கு அருகே கூடாதென்றால் எவருக்கும் கூடாது. கடற்கரையில் ஓரிடத்தை ஒதுக்கி, குறித்த நேரத்தில் ஊரே கூடி வாணம் பார்க்கட்டும். சித்திரைப் புத்தாண்டுக்கும், பெருநாளுக்கும், தீபாவளிக்கும், வெசாக்குக்கும் ஒரே விதி இருக்கட்டும்.

அவ்விதியின் முதற் சோதனை திருநாளில் வரவேண்டியதில்லை. அடுத்த முறை ஓர் அமைச்சரோ பாராளுமன்ற உறுப்பினரோ இவ்வூருக்கு வந்து இறங்கும்போது, மாலையோடு சரவெடியும் காத்திருக்கும். அன்று அப்பெரியவர் வண்டியை விட்டு இறங்கு முன்னரே, வெடி வேண்டா என்று ஒரு சொல் சொல்லட்டும். தேர்தலில் வென்றவர், எதிரியின் வீட்டு வாசலில் வெடி கொளுத்தும் தம் தொண்டரைத் தாமே தடுக்கட்டும். அதைச் செய்யாத தலைவருக்கு, தெருவில் நிற்கும் சிறுவனைத் தண்டிக்கும் சட்டம் பற்றிப் பேச உரிமையில்லை.

மீறுவதற்கென்றே ஒரு தடையை விதிக்கும் அரசாங்கம், அந்த ஒரு தடையை மட்டும் இழப்பதில்லை. ஒரு சட்டத்தை எல்லாரும் பார்த்திருக்க மீறிப் பழகிய மக்கள், மற்றச் சட்டங்களையும் அவ்வாறே எண்ணத் தலைப்படுவர். அந்நாளில் வலியவனுக்கு ஒரு குறையும் நேராது. வலையை இழந்தவனும், வயலை இழந்தவனும், முறையிடச் சட்டமின்றி நிற்பவனுமாக அல்லலுறுவோர் எளியவரே. ஆதலின் வெடியை அது வெடிக்கும் தெருவிலும் கடலிலும் தேடித் திரிவதை விடுத்து, அது புறப்படும் களஞ்சியத்திலும் கணக்கேட்டிலும் தடுக்கட்டும். அடுத்த திருநாளுக்கு இன்னும் காலம் இருக்கின்றது. அக்காலம் இருக்கும்போதே ஆட்சியாளர் செய்வார்களா?